யாருடைய தமிழைப் பேசினார்? மனோரமாவின் படங்களை வரிசைப்படுத்துதல் குறித்து

ஆண்டுதோறும் அக்டோபர் 10 நெருங்கும்போது மனோரமாவின் சிறந்த பத்துப் படங்கள் என்ற பட்டியல்கள் சுற்றுக்கு வருகின்றன. 2015ஆம் ஆண்டு அதே நாளில்தான் அவர் சென்னையில் தம் 78ஆம் வயதில் காலமானார். பட்டியல்கள் யாரால் தொகுக்கப்பட்டாலும் முதல் இரு இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. ஒன்றில் ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968), மற்றொன்றில் ‘புதிய பாதை’ (1989). முன்னது தமிழ்த் திரையின் செவ்வியல் படைப்பாக ஏற்கப்பட்டுவிட்டது. பின்னது சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. அடுத்து ‘சின்னத் தம்பி’, ‘ஜென்டில்மேன்’ என அழுகையின் அளவு கூடக்கூட இடமும் உயர்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்துக் கின்னஸ் ஏட்டில் இடம்பெற்ற ஒரு நகைச்சுவை நடிகை, சிரிக்க வைத்ததற்காக நினைவுகூரப்படுவதைவிட அழ வைத்ததற்காகவே மதிப்பெண் பெறுகிறார் என்பது விந்தையானது.

இப்பட்டியல்களைச் சுவைவேறுபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு கலைஞரைப் பற்றிய வரலாறு எழுதப்படாத இடத்தில் பட்டியலே வரலாறாகிவிடுகிறது. தமிழ்த் திரைப்பட ஆய்வில் நாயகர்களுக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு குறித்து விரிவான நூல்கள் உள்ளன. நகைச்சுவை நடிகைகள் அவற்றில் பெரும்பாலும் அடிக்குறிப்புகளாகவே வந்துபோகின்றனர். எனவே பட்டியல் எந்த அளவுகோலைக் கொண்டு போடப்படுகிறது என்று கேட்பது அவசியமாகிறது.

முதல் சிக்கல் அலகைப் பற்றியது. கதாநாயகியின் படங்களை வரிசைப்படுத்தும்போது படம் என்பதே அலகு. நகைச்சுவை நடிகைக்கு அது பொருந்தாது. 1930களின் பிற்பகுதி தொடங்கித் தமிழ்ப் படங்களில் நகைச்சுவைப் பகுதி என்பது மூலக்கதையோடு தளர்வாகப் பிணைக்கப்பட்ட தனித் துண்டாகவே வளர்ந்தது. ‘வசந்தசேனா’ (1936) படப்பிடிப்பில் சந்தித்துப் பின்னர் மணந்துகொண்ட என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் தங்கள் பகுதிகளைத் தாங்களே உருவாக்கிக்கொண்டனர். படத்தின் இயக்குநர் ஒருவர், சிரிப்பின் ஆசிரியர் வேறொருவர். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கிருஷ்ணன் சிறையிலிருந்த காலத்தில் நாடகக் குழுவைக் கலையாமல் காத்தவர்களில் மதுரம் முதன்மையானவர். எனினும் ‘கலைவாணரின் மனைவி’ என்ற தொடரைத் தாண்டி அவருக்கென ஒரு வரிசை எழுதப்படவில்லை. ‘சபாபதி’யில் (1941) காளி என். ரத்தினத்துடன் இணைந்த சி.டி. ராஜகாந்தத்தின் நிலையும் அதுவே. அவர்களது காட்சிகளை நீக்கினாலும் கதை நகரும். ஆனால் மக்கள் நினைவில் தங்கியது அக்காட்சிகள்தாம். இன்று ஆதித்யா, சிரிப்பொலி போன்ற தொலைக்காட்சி அலைவரிசைகள் இப்பகுதிகளை மட்டும் வெட்டியெடுத்து நாள் முழுவதும் ஒளிபரப்ப முடிகிறதென்றால், அது அத்துண்டுகள் தொடக்கத்திலிருந்தே வெட்டுவதற்கு ஏற்ற வகையில் அமைந்திருந்ததால்தான்.

ஆகவே ஒரு சாதாரணப் படத்தில் மிகச் சிறந்த மனோரமா இருக்கலாம். மிகச் சிறந்த படத்தில் அவர் வெறுமனே வந்துபோகலாம். படத்தின் தரத்தை நடிகையின் கணக்கில் வரவு வைப்பதே வழக்கமான பட்டியல்களின் முதல் பிழை.

(ஒரு சிறு குறிப்பு. இணையத்தில் கிடைக்கும் சில படப்பட்டியல்களில் இந்தி ‘சீதா அவுர் கீதா’வும் மன்னார்குடி மனோரமாவின் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் நடித்தவர் லாகூரில் பிறந்த வேறொரு மனோரமா. மெஹ்மூதுடன் ‘குன்வாரா பாப்’ படத்தில் நடித்தவரே நம்மவர். எண்ணிக்கையைக் கொண்டாடுவோர் முதலில் இதைச் சரிபார்ப்பது நலம்.)

மனோரமாவின் வாழ்க்கைக் குறிப்பில் அனைவரும் அறிந்ததைச் சுருக்கமாகக் கூறலாம். இயற்பெயர் கோபிசாந்தா. மன்னார்குடியில் 1937 மே 26 அன்று பிறந்தவர். தந்தையால் கைவிடப்பட்ட நிலையில் தாயுடன் காரைக்குடிப் பகுதியிலுள்ள பள்ளத்தூருக்கு வந்து, பாடும் குரலால் ‘பள்ளத்தூர் பாப்பா’வாக நாடக மேடை ஏறினார். திரையில் அவர் முதலில் தோன்றியது ஒரு சிங்களப் படத்தில். தமிழில் முதல் படம் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’ (1958). கதாநாயகியாக நடித்தால் சில ஆண்டுகளில் ஒதுக்கப்பட்டுவிடுவாய், நகைச்சுவை வேடமேற்றால் நீண்ட காலம் நிலைப்பாய் என்ற பொருளில் கண்ணதாசன் தமக்கு அறிவுரை சொன்னதாக மனோரமா பிற்காலத்தில் நினைவுகூர்ந்ததுண்டு. மாடர்ன் தியேட்டர்ஸின் ‘கொஞ்சும் குமரி’யில் (1963) அவர் ஆர்.எஸ். மனோகருக்குக் கதாநாயகியாகவும் நடித்தார். அந்தப் படத்தை இன்று யாரும் எந்தப் பட்டியலிலும் சேர்ப்பதில்லை. கண்ணதாசனின் கணிப்பு சரியாகவே இருந்தது.

ஆனால் அக்கணிப்பில் சொல்லப்படாத ஒரு கூறு உண்டு. கதாநாயகி ஆகாமலிருப்பது என்பது கதாநாயகி பேசும் தமிழைப் பேசாமலிருப்பதும் ஆகும்.

‘பராசக்தி’க்குப் (1952) பிந்தைய கால் நூற்றாண்டில் தமிழ்த் திரையின் உரையாடல் ஒரு திட்டவட்டமான மொழிப் பங்கீட்டின்மீது நின்றது. நாயகனும் நாயகியும் எழுத்துத் தமிழை ஒட்டிய, எந்த ஊரையும் எந்தச் சாதியையும் காட்டிக்கொடுக்காத ஒரு பொதுத் தமிழைப் பேசினர். நாயகன் மீனவனாயினும் வண்டியோட்டியாயினும் அவன் வாக்கியங்கள் இலக்கணப் பிசகின்றி முடிந்தன. வட்டார வழக்கும் சாதி வழக்கும் நகைச்சுவைப் பாத்திரங்களின் தலையில் சுமத்தப்பட்டன. தமிழ்ப் பேச்சில் சாதிக்கும் கிளைமொழிக்கும் உள்ள உறவை பிரெஞ்சு அறிஞர் ஜூல் பிளாக் 1910இலேயே எழுதியிருந்தார். பிராமண, பிராமணரல்லாதார் பேச்சு வேறுபாடுகளை மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜனும் வில்லியம் பிரைட்டும் 1960களில் ஆராய்ந்தனர். கிளைமொழிகள் அங்கே ஆய்வுப் பொருளாக இருந்த அதே ஆண்டுகளில் கோடம்பாக்கத்தில் அவை சிரிப்புக்கான மூலப்பொருளாக இருந்தன. கிளைமொழி பேசியவுடன் அரங்கில் சிரிப்பு எழ வேண்டும் என்பது எழுதப்படாத விதி.

மனோரமாவின் முதல் இருபதாண்டுப் படங்களை இந்த விதியின் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அவர் செய்தது என்ன என்பது விளங்கும். நாகேஷுடனும் சோவுடனும் அவர் இணைந்த படங்களில் பாத்திரத்தின் பெயரும் தொழிலும் மாறின. அதைவிட முக்கியமாக, பேச்சு மாறியது. கே. பாலசந்தரின் ‘அனுபவி ராஜா அனுபவி’யில் (1967) தூத்துக்குடிக்காரனான நாகேஷுக்கு இணையாக அவர் தென்பாண்டிக் கடற்கரைத் தமிழ் பேசினார். மரியாதைப் பன்மையை ‘-ஈக’ என்று முடிக்கும் அவ்வழக்கு வடமாவட்டத்துப் பார்வையாளர் பலர் அதுவரை காதால் கேட்டிராத ஒன்று. முத்துக்குளிப்பைப் பற்றிய அப்படத்தின் பாடலில் குரல் எல்.ஆர். ஈஸ்வரியுடையது, ஆனால் அக்குரலுக்கு ஊரும் உடலும் தந்தவர் மனோரமா. நாகேஷ் சென்னைக்கு வந்து திகைக்கும் நாட்டுப்புறத்தானாகக் கேலிக்கு ஆளாகிறார். மனோரமா கேலிக்கு ஆளாவதில்லை. அவர் தம் ஊரில், தம் மொழியில், தம் காதலைப் பேசுகிறார். திரையில் கிளைமொழி நகைப்புக்குரியது என்ற விதி முதன்முறையாகச் சற்றுத் தளர்வதை இங்கே காண்கிறோம். வழக்கமான பட்டியல்களில் எட்டாம் இடத்திலோ ஒன்பதாம் இடத்திலோ தென்படும் இப்படத்துக்கு மூன்றாம் இடமாவது கொடுக்க வேண்டும்.

அடுத்த ஆண்டு வெளியான ‘பொம்மலாட்டம்’ படமாக எடுத்துக்கொண்டால் நடுத்தரமானதே. முக்தா சீனிவாசன் இயக்கத்தில் ஜெய்சங்கரும் ஜெயலலிதாவும் நடித்த அதன் கதை இன்று யாருக்கும் நினைவில்லை. வி. குமார் இசையில் மனோரமா தம் சொந்தக் குரலில் பாடிய சென்னைத் தமிழ்ப் பாடல் மட்டும் படத்தைவிட்டுத் தனியே பிரிந்து வாழ்கிறது. ‘வீடு’ ‘வூடு’ ஆவதும், ‘இடத்தில்’ என்ற பொருளில் ‘ஆண்ட’ ஒட்டிக்கொள்வதும் அதில் ஒலித் துல்லியத்தோடு பதிவாகியிருக்கின்றன. பின்னணிப் பாடகியர் இவ்வழக்கைப் பாடும்போது பெரும்பாலும் சொல் மட்டும் சென்னையுடையதாக இருக்கும். உயிரொலிகளின் நீட்சியும் வாக்கிய ஏற்ற இறக்கமும் கச்சேரி மேடைக்குரியவையாகவே இருக்கும். மனோரமா பாடும்போது இசை பேச்சின் பக்கம் சாய்கிறது. மன்னார்குடியில் பிறந்து செட்டிநாட்டில் வளர்ந்த ஒருவர் இதைச் செய்தார் என்பதை மறந்துவிடக் கூடாது. ‘சூரியகாந்தி’யில் (1973) பிராமண வழக்கிலும் அவ்வாறே பாடினார். ஒரு கிளைமொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் அதைப் பேசுவதில் வியப்பில்லை. தமக்குரியதல்லாத நான்கைந்து கிளைமொழிகளை ஒன்றோடொன்று கலக்காமல் பேசுவது கேட்டல் என்ற பயிற்சியின் பயன். ஊர் ஊராகச் செல்லும் நாடகக் குழு அதற்கான பள்ளி.

அந்தப் பள்ளியின் நினைவேட்டைத்தான் ‘தில்லானா மோகனாம்பாள்’ திறந்துவைத்தது. ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடரை ஏ.பி. நாகராஜன் படமாக்கியபோது, நாகஸ்வரக் கலைஞர் சண்முகசுந்தரமாகச் சிவாஜி கணேசனும் நாட்டியக் கலைஞர் மோகனாவாகப் பத்மினியும் கலையின் உச்சியில் நின்றனர். ‘ஜில் ஜில் ரமாமணி’ அதே கலையுலகின் அடித்தட்டில் நிற்பவள். சாதாரண மக்களுக்காக ஆடிப் பாடிப் பிழைப்பவள். மேடை நடிகையாகவே வளர்ந்த மனோரமா, மேடை நடிகையாகவே இங்குத் தோன்றுகிறார்.

அவர் சண்முகசுந்தரத்தைக் கேட்கும் கேள்வி இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. அந்தச் சத்தம் அவருடைய நாயனத்தில் மட்டும்தான் வருமா, எல்லா நாயனத்திலும் வருமா என்பது அக்கேள்வி. சிரிப்பு எங்கிருந்து பிறக்கிறது? இசைவாணன் ‘நாதம்’ என்று கருதும் ஒன்றை அவள் ‘சத்தம்’ என்கிறாள். ஒரு சொல்லின் இடமாற்றம் மட்டுமே. அறியாமையின் வெளிப்பாடு என்று எடுத்துக்கொண்டால் ரமாமணி கோமாளியாகிறாள். ஆனால் மனோரமா அதைச் சொல்லும் முறையில் ஏளனமோ தாழ்வுணர்ச்சியோ இல்லை. தானும் ஒரு தொழிற்கலைஞர் என்ற முறையில் இன்னொரு தொழிற்கலைஞரின் கருவியைப் பற்றி விசாரிக்கும் ஆவலே உள்ளது. கேள்வியின் உள்ளே ஒரு நியாயமான ஐயமும் இருக்கிறது: மேன்மை கருவியில் இருக்கிறதா, வாசிப்பவரிடம் இருக்கிறதா? படம் முழுக்கச் சண்முகசுந்தரமும் மோகனாவும் தங்கள் கலையின் பெருமைக்காகப் போட்டியிட, அப்பெருமைக்கு வெளியே நின்று இருவரையும் சமமாக நேசிக்கத் தெரிந்தவள் ரமாமணி ஒருத்திதான். படத்தின் புகழை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இப்பாத்திரத்துக்கு இரண்டாம் இடம் உறுதி. முதலிடம் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் உண்டு. ரமாமணி எவ்வளவு சிறந்தவளாயினும் கதையின் திசையை மாற்ற அவளுக்கு உரிமை தரப்படவில்லை. பிறருடைய காதலுக்கு உதவுவதோடு அவள் பங்கு முடிகிறது.

1977இல் ‘16 வயதினிலே’ வெளிவந்தபோது பழைய மொழிப் பங்கீடு உடைந்தது. கிராமத்துப் பேச்சு நாயகனுக்கும் நாயகிக்கும் உரியதாயிற்று. மயிலும் சப்பாணியும் கிளைமொழி பேசியபோது அரங்கம் சிரிக்கவில்லை. இது வரவேற்கத்தக்க மாற்றம்தான். எனினும் நகைச்சுவை நடிகையின் தனிச்சொத்தாக இருந்த ஒன்று இதனால் பொதுச்சொத்தானது. 1980களில் கவுண்டமணி, செந்தில் இணை நகைச்சுவைப் பகுதியை ஆண்களிடையேயான பேச்சாகவே மாற்றியமைத்தது. நாகேஷ்–மனோரமா போன்ற ஆண்–பெண் இணை பின்தள்ளப்பட்டது. மனோரமா தாயாகவும் பாட்டியாகவும் மாறியதற்கு வயது ஒரு காரணம் மட்டுமே. அவர் நின்றிருந்த இடமே காலடியிலிருந்து நகர்ந்துவிட்டது.

இப்பின்னணியில் வந்த ‘சம்சாரம் அது மின்சாரம்’ (1986) வரிசையின் முதலிடத்துக்கு உரியது. ஏவி.எம். தயாரித்து விசு எழுதி இயக்கிய இப்படத்தில் மனோரமா அம்மையப்ப முதலியார் வீட்டு வேலைக்காரி கண்ணம்மா. வேலைக்காரிப் பாத்திரம் ராஜகாந்தம் காலத்திலிருந்தே நகைச்சுவை நடிகைக்கு ஒதுக்கப்பட்ட அறை. இதில் தமிழ்த் திரை தனித்து நிற்கவுமில்லை. ஹாலிவுட்டில் ஹாட்டி மெக்டேனியல் ‘கான் வித் த விண்ட்’ படத்தில் ஏற்ற பணிப்பெண் வேடத்துக்காக 1940இல் ஆஸ்கர் பெற்றபோது, விழா மண்டபத்தில் சக நடிகர்களோடு அமர அனுமதிக்கப்படாமல் தனி மேசையில் அமர்த்தப்பட்டார். திரையில் குடும்பத்தின் பகுதி, வெளியே வேறு மேசை. கண்ணம்மாவும் அத்தகைய தனி மேசையில் அமர்ந்தவள்தான்: வீட்டின் நடுவே கோடு கிழிக்கப்பட்டுத் தந்தையும் மகனும் பிரியும்போது, எந்தப் பக்கத்திலும் சொந்தம் கொண்டாட முடியாதவள்.

சம்பந்தியான ஆல்பர்ட் பெர்னாண்டஸுடன் (கிஷ்மு) நடக்கும் வாக்குவாதத்தில் இத்தனியிடமே அவளது வலிமையாகிறது. ‘கண்ணம்மா, கம்முனு கெட’ என்ற அதட்டல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. கண்ணம்மா கம்மென்று கிடப்பதில்லை. இலக்கணப்படி அத்தொடர் ஒரு ஏவல். காட்சியின் இயக்கத்தில் அது ஏவலாகப் பயன்படுவதே இல்லை; ஒவ்வொரு முறை சொல்லப்படும்போதும் அவள் பேசுவதற்கான இடைவெளியை உறுதிசெய்யும் தாளமாகவே பயன்படுகிறது. முதலியார் குடும்பத்தின் கண்ணியத் தமிழால் சொல்ல முடியாததை வேலைக்காரியின் சென்னைத் தமிழ் சொல்லிவிடுகிறது. கண்ணியம் குடும்பத்தின் கையில் பத்திரமாக இருக்கிறது, உண்மை கண்ணம்மாவின் வாயிலிருந்து வருகிறது. இவ்வளவு காலமாகச் சிரிப்புக்காக மட்டும் வைத்துக்கொள்ளப்பட்ட ஒரு பேச்சு, அதே சிரிப்பைக் கொண்டே எதிராளியை வாயடைக்கச் செய்கிறது. ரமாமணிக்கு மறுக்கப்பட்ட உரிமை கண்ணம்மாவுக்குக் கிடைத்தது. அவள் பேசியதால் கதை நகர்ந்தது.

இக்காட்சியை பெங்களூருவின் அடுகோடி போன்ற பகுதியிலிருந்து கேட்கும்போது வேறொரு பரிமாணமும் தெரியவருகிறது. ஓசூர்ச் சாலையில் மைக்கோ தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த இப்பகுதியின் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வேர் பழைய வடஆற்காட்டிலும் தருமபுரி, சேலம் பக்கங்களிலும் உள்ளது. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், அண்டைவீட்டில் தெலுங்கும் தக்காணி உருதும். சென்னைத் தமிழின் சொற்களஞ்சியத்தை வளர்த்ததும் தெலுங்கும் உருதும்தாம். எனவே மதுரைக்காரருக்கோ கோவைக்காரருக்கோ விநோதமாக ஒலிக்கும் கண்ணம்மாவின் பேச்சு அடுகோடியில் அடுத்த தெருப் பேச்சாகவே ஒலிக்கிறது. அங்கே சிரிப்பு வேறு இடத்தில் எழுகிறது: வழக்கைக் கேட்டு அல்ல, பெர்னாண்டஸின் முகத்தைக் கண்டு. யாருடைய காதால் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து நகைச்சுவையின் இலக்கே மாறிவிடுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ (1988) வணிக வெற்றியாலும் வோக்ஸ்வேகன் காராலும் நினைவில் நிற்கிறது. பாண்டியராஜனும் ஊர்வசியும் இருந்தும் படத்தின் தலைப்பில் இருப்பவர் மனோரமா என்பது குறிப்பிடத்தக்கது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

‘நடிகன்’ (1990) விரிவாகப் பேசப்பட வேண்டிய படம். ஷம்மி கபூரின் ‘புரொஃபசர்’ (1962) என்ற இந்திப் படத்தின் தழுவலான இதில், முதியவராக வேடமிட்டு வரும் இளைஞன்மீது (சத்யராஜ்) காதல் கொள்ளும் முதிர்கன்னி பேபியம்மாவாக மனோரமா நடித்தார். இந்தியில் அந்த வேடம் லலிதா பவாருடையது. முதிய பெண்ணின் ஆசை என்பதே நகைப்புக்குரியது என்ற கருத்தின்மீது கட்டப்பட்ட கதை இது. பி. வாசுவின் திரைக்கதை அக்கருத்தைக் கேள்வி கேட்பதில்லை. கேள்வி மனோரமாவின் உடலிலிருந்து வருகிறது. கண்டிப்பான முதலாளியம்மாளின் விறைப்பு சிறிது சிறிதாகத் தளர்ந்து, கூந்தலிலும் புடவையிலும் நடையிலும் ஒரு இளம்பெண் எட்டிப்பார்க்கும் படிநிலைகளை அவர் அவசரமின்றிக் காட்டுகிறார். அரங்கம் சிரிக்கிறது, சிரித்து முடித்த பின் சற்றுக் கூச்சமும் கொள்கிறது. கூச்சம் கொள்ளச் செய்யும் சிரிப்பு தமிழ் நகைச்சுவைப் பகுதியில் அரிது. இதற்கு நான்காம் இடம். ‘பொம்மலாட்ட’த்தின் ஒற்றைப் பாடலுக்கு ஐந்தாவது.

‘சின்ன கவுண்ட’ரில் (1992) துருத்திய பல்வரிசையுடன் விஜயகாந்துக்குத் தாயாக அவர் பேசிய கொங்குத் தமிழ் செவிக்கு இனியது. ஆனால் அந்தப் பல்லமைப்பு நடிகையின்மீதான நம்பிக்கையின்மையின் அடையாளம். குரலே போதுமானதாக இருந்த இடத்தில் ஒப்பனைக்கு என்ன வேலை? ஆறாம் இடம்.

இனி விருது பெற்ற படம். பார்த்திபனின் ‘புதிய பாதை’யில் ஆயாவாக மனோரமா சிறப்பாகவே நடித்தார் என்பதில் ஐயமில்லை. சிக்கல் நடிப்பில் இல்லை, விருதின் பார்வையில் உள்ளது. முப்பதாண்டுகளாக நாகேஷுடனும் சோவுடனும் தேங்காய் சீனிவாசனுடனும் அவர் செய்தவை கண்ணில் படாத தேர்வுக் குழுக்களுக்கு, முதிய பெண்ணின் பரிவு மட்டும் கண்ணில் பட்டது. இது தமிழுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கன்னடத் திரையில் என்.எஸ். ராவுடன் இணைந்து நகைச்சுவை வேடங்களால் அறியப்பட்ட உமாஸ்ரீக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வந்தது கிரீஷ் காசரவள்ளியின் ‘குலாபி டாக்கீஸ்’ (2008) படத்துக்குத்தான். அது உயர்ந்த படம், உரிய விருது. எனினும் நகைச்சுவையைத் துறந்த பிறகே நகைச்சுவை நடிகை நடிகையாக அங்கீகரிக்கப்படுகிறார் என்ற ஒழுங்கு இரு மொழிகளிலும் ஒன்றாக இருப்பது தற்செயலாகத் தெரியவில்லை. ‘புதிய பாதை’க்கு ஏழாம் இடம் தகும்.

‘சின்னத் தம்பி’யில் (1991) கைம்பெண் தாய் அவமானப்படுத்தப்படும் காட்சியும், ‘ஜென்டில்மே’னில் (1993) மகனின் மருத்துவப் படிப்புக்காகத் தாய் உயிர்விடும் காட்சியும் பட்டியல்களில் தவறாமல் முன்வரிசை பெறுகின்றன. இவ்விரண்டிலும் மனோரமாவின் துன்பம் நாயகனின் சினத்துக்கு எரிபொருள். அவர் பேச வேண்டியது குறைவு, அழ வேண்டியது அதிகம். ஐந்து கிளைமொழிகளைப் பிரித்துப் பேசத் தெரிந்த நாவுக்கு இங்கே வேலையே இல்லை. வரிசையின் கடைசியில் இவற்றை வைப்பது அவரைக் குறைத்து மதிப்பிடுவதாகாது.

இவ்வரிசைக்கு வெளியே ஒரு படத்தைக் குறிப்பிட வேண்டியுள்ளது. அதில் மனோரமா இல்லை. ‘சதிலீலாவதி’யில் (1995) கோவை சரளா கொங்குத் தமிழ் பேசும் பழனியாக வருகிறார். அவர் கணவராக நடிக்கும் கமல்ஹாசனும் அதே கொங்குத் தமிழைப் பேசுகிறார். மருத்துவரான கணவனின் தமிழ் உயர்ந்தது, மனைவியின் தமிழ் தாழ்ந்தது என்ற பிரிவினை அங்கே இல்லை. ‘அனுபவி ராஜா அனுபவி’யில் நாகேஷும் மனோரமாவும் ஒரே கரையின் மொழியில் காதலித்த ஏற்பாடு, இம்முறை படத்தின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்திருக்கிறது. தமக்கு முன்னோடி யார் என்று கோவை சரளாவிடம் யாரும் கேட்க வேண்டியதில்லை. பழனி சமையலறையிலிருந்து குரல் கொடுக்கும்போதே கண்ணம்மாவின் தாளம் காதில் விழுகிறது.

மேலே சொல்லப்பட்ட கணக்கில் தூத்துக்குடி உண்டு, சென்னை உண்டு, கொங்கு உண்டு, அக்கிரகாரமும் உண்டு. கன்னடம் கலந்த பெங்களூருத் தமிழ் மட்டும் இல்லை. சென்னைக்குச் சென்றால் அதைப் பேசுவோரைப் பார்த்து இன்றும் சிரிக்கிறார்கள்.